கிணத்தடி வயலுக்கு ஒரு மூட்டை விதை

“எழுதிக் குடுங்க சார்,” என்றாள் வேம்பு.

களத்தில் சின்ன வெங்காயத்துக்குத் தாள் அறுத்துக்கொண்டிருந்த ஒன்பது பொம்பளைகளின் கத்தியும் நின்றது. அதில் ஒரு கத்தி அவளுடைய அம்மாவுடையது. கலியம்மாள் நிமிர்ந்து பார்க்கவில்லை. மடியில் கிடந்த வெங்காயத்தை ஒருதரம் புரட்டிவிட்டுத் தலையை இன்னும் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டாள். எந்தப் பேச்சு மகள் வாயிலிருந்து வந்துவிடவே கூடாது என்று இரண்டு வருஷமாகச் சோறு போடும்போதும் தலை வாரும்போதும் சொல்லிக்கொண்டிருந்தாளோ, அந்தப் பேச்சு வந்துவிட்டது. அதுவும் குழந்தைவேல் வீட்டுக் களத்தில், வேலைக்கு வந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி. போதாததற்கு ‘சார்’ என்று வேறு.

அவர்கள் தெருவில் குழந்தைவேலை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. வேம்புவின் அப்பா அய்யம்பெருமாளுக்கு அவர் ‘சாமி’. கலியம்மாளுக்கு ‘ஐயா’. அரியலூரில் காலேஜை முடித்துவிட்டு வந்த முதல் வாரமே வேம்பு சார் என்று ஆரம்பித்துவிட்டாள். பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிறவர் சார், பேங்க்கில் உட்கார்ந்திருக்கிறவர் சார், இவரும் சார். அதற்கு மேல் ஏற்றவும் மாட்டாள், கீழே இறக்கவும் மாட்டாள்.

புங்க மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த குழந்தைவேல், கையிலிருந்த மோர் டம்ளரைக் காலடியில் வைத்தார். நிதானமாக வைத்தார். அவர் யாரையும் சத்தம் போட்டுப் பேசியதில்லை என்று பாடாலூர் வரைக்கும் பெருமையாகச் சொல்வார்கள். சொன்னதை யாருமே மறுக்காதபோது மனுஷன் எதற்காகக் கத்த வேண்டும் என்று வேம்பு நினைத்துக்கொள்வாள்.

“என்னாத்த எழுதணும்?”

“கல்லாங்காட்ட. அஞ்சு வருஷத்துக்குக் குத்தகைன்னு என் பேருல எழுதிக் குடுங்க. ஒரு பக்கம் போதும்.”

அவர் சிரித்தார். சின்னப் பிள்ளை சாமி வேஷம் கட்டிக்கொண்டு வந்து நின்றால் சிரிப்போமே, அந்த மாதிரி. “ஒங்கப்பன் எங்கிட்ட முப்பது வருஷம் இருந்தான். எல்லாம் வாய் வார்த்ததான். ஒரு நாளாச்சும் எழுத்து கேட்டானா, வூட்டுல போயிக் கேட்டுப் பாரு.”

“கேக்கல சார். அதனாலதான் நான் கேக்க வேண்டியதாப் போச்சு.”

யாரோ மூக்கால் சிரித்தார்கள். மேகலாதான். அந்தத் தெருவிலேயே வாய்க்குப் பூட்டில்லாதவள் அவள் ஒருத்திதான். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “யம்மாடி, இன்னைக்கி வெங்காயம் ரொம்பத்தான் காரமா இருக்கு,” என்றாள், யாரையும் பார்க்காமல்.

களத்துக்கு மேற்கே தாழ்வாக ஒரு கல் வரப்பு. அதற்கு அப்பால் கிணத்தடி வயல், ஐந்து ஏக்கர். போன வாரம்தான் வெங்காயம் பிடுங்கி, டிராக்டர் விட்டுப் புழுதியாக்கியிருந்தார்கள். புரட்டாசி வெயிலில் மண் பதமாக வெந்து கிடந்தது. இந்தச் சுற்று வட்டாரத்திலேயே அப்படி வெங்காயம் விளைகிற மண் கிடையாது என்பார்கள். அந்த மண்ணில் ஒரு கல் கிடையாது. ஒரு கல்கூடக் கிடையாது என்பது வேம்புவுக்குத் தெரியும், ஏனென்றால் அவள்தான் பொறுக்கினாள்.

அது கிணத்தடி வயல் ஆவதற்கு முன்னால் பேரில்லாத ஒரு கருவேலங்காடாக இருந்தது. கால் வைக்க இடமில்லாமல் கல். ‘சும்மாதான கெடக்கு, ஏதாவது போட்டுத் தின்னுக்க’ என்று குழந்தைவேல் வாய் வார்த்தையாகச் சொல்ல, அய்யம்பெருமாள் அதில் இறங்கினார். ஒன்பது வருஷம். முள்ளை வெட்டி, வேரைத் தோண்டி, கல்லைப் பெயர்த்து. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வேம்புவுக்கு இருபது கூடை கல் என்று கணக்கு. இருபது ஆனால்தான் வீட்டுக்குப் போகலாம். அப்படிச் சுமந்த கல்தான் மேற்கே நிற்கிற வரப்பு. கடலை போட்டு, மூட்டை பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் வருஷம் அவள் எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். அந்தத் தை மாசமே குழந்தைவேல் ஆள் விட்டுக் கூப்பிட்டு, சத்தம் போடாமல், சிரித்துக்கொண்டே சொன்னார்: “அங்க கெணறு வெட்டப் போறேன்டா அய்யம்பெருமாளு. நீ அந்தக் கல்லாங்காட்டுல ரெண்டு ஏக்கர் வெச்சுக்க.” சரிங்க சாமி என்று கும்பிட்டுவிட்டு வந்தவர் அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. வேறு எதுவும் செய்யவில்லை. இப்போது இடுப்பு வளைந்துபோய், பாடாலூரில் ஒரு கல் உடைக்கிற கிரஷரில் வாட்ச்மேனாக உட்கார்ந்திருக்கிறார். கல் அவரை விடவில்லை.

கல்லாங்காடு அதைவிட மோசம். மேலே ஒரு சாண் செம்மண், கீழே பாறை. வருஷா வருஷம் ஏர் ஓட்டினால் கொழுதான் உடையும். தாவரவியல் படித்துவிட்டுப் பெரம்பலூரில் ஒரு ஜவுளிக்கடையில் எட்டு மாசம் சேலை மடித்துப் பார்த்தாள் வேம்பு. ஒருநாள் மடித்த சேலையை அப்படியே போட்டுவிட்டு வந்து நாலு ஆடு வாங்கினாள். ஆட்டுக்குத் தீவனம் வேண்டும். அந்தக் காட்டுக்கு என்ன பொருந்தும் என்று தேடித் தேடிக் கடைசியில் வேலிமசாலைப் பிடித்தாள். புளிய இலை மாதிரிப் பொடி இலை, குச்சி குச்சியாக வளரும். ஒருதரம் வேர் பிடித்துவிட்டால் நாலைந்து வருஷத்துக்கு உழவு வேண்டாம், விதை வேண்டாம். நாற்பது நாளைக்கு ஒருமுறை அறுத்துக்கொண்டே இருக்கலாம்.

அப்போதே கலியம்மாள் கேட்டாள். “நம்ம ஒரு போகத்துக்கே வாய் வார்த்தையில நிக்கிறோம். நீ அஞ்சு வருஷப் பயிராடி வெக்கிற?”

வேம்பு சிரித்தாள். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் அவளுக்கே தன் கன்னத்தில் அறைய வேண்டும்போல இருக்கிறது. அவள் மூன்று வருஷம் படித்த படிப்பில் இல்லாத விஷயத்தை அம்மா ஒரே வரியில் சொல்லியிருந்தாள்.

“அப்ப எழுதி வாங்கிக்கலாம்மா.”

“வாயக் கழுவு. அத மட்டும் எந்தக் காலத்துலயும் கேட்டுறாத. கேட்டா இருக்கறதும் போயிரும்.”

முதல் விதைப்பு தோற்றது. கயிறு பிடித்து ஒன்றரை அடிக்கு ஒரு வரிசை போட்டு, மேலாக மண்ணை இழுத்து மூடி, மழை நன்றாகவே பெய்து, பத்து நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் நூறுக்கு எட்டு முளைத்திருந்தது. பார்க்க வந்த மேகலா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “ஏன்டி, ஒங்காட்டுல ஒரு செடிக்கும் இன்னொரு செடிக்கும் ஏதாவது பேசணும்னா லெட்டர்தான் போடணும் போலருக்கே,” என்றாள். ஊர் அதை ஒரு மாசம் சொல்லிச் சிரித்தது. விதை விற்றவனோடு சண்டைக்குப் போகலாம் என்று வேம்பு கிளம்பிக்கொண்டிருந்த காலையில்தான் அதைப் பார்த்தாள். காட்டின் மூலையில், விதைத்த கையோடு, வெட்டிப் போட்ட கருவேல முள்ளைக் குவித்து எரித்திருந்தார்கள். சாம்பலின் நடுவில் ஒன்றுமில்லை. ஆனால் ஓரத்தைச் சுற்றி வட்டமாக, வளையல் மாதிரி, நெருக்கமாக வேலிமசால் முளைத்து நின்றது.

அவள் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தாள். விதை செத்த விதை இல்லை. சூடு பட்ட இடத்தில் மட்டும் வாயைத் திறந்திருக்கிறது. ‘கடின விதையுறை’ என்று காலேஜில் ஒரு வரி படித்தது ஞாபகம் வந்தது. இரண்டு மார்க் கேள்வி. எழுதி இரண்டு மார்க்கும் வாங்கினாள். அப்போது அந்த விதையை அவளும் பார்த்ததில்லை, பாடம் நடத்தினவரும் பார்த்திருக்க மாட்டார்.

அன்றைக்கே அடுப்பில் தண்ணீர் வைத்தாள். டம்ளருக்கு நூறு விதை. கொதிக்கக் கொதிக்க ஊற்றியது வெந்து நசுங்கிப்போனது. ஆறவிட்டு ஊற்றியது அசையவில்லை. ஒரு வாரம் இதே வேலை. கொதித்த தண்ணீரை இறக்கி வைத்து, அம்மா ஒன்றிலிருந்து முந்நூறு வரைக்கும் எண்ண வேண்டும். முந்நூறு ஆனதும் விதையைக் கொட்ட வேண்டும். மறுபடி முந்நூறு எண்ணி வடிகட்ட வேண்டும். அப்புறம் ராத்திரி முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊற வேண்டும். காலையில் விதை ஒன்றுக்கு இரண்டாக உப்பியிருக்கும். அதை அன்றைக்கோ மறுநாளோ மண்ணில் போட்டுவிட வேண்டும். நூறுக்கு எண்பத்து நாலு முளைத்த அன்று கலியம்மாள் அந்த டம்ளரைத் தெருவெல்லாம் கொண்டுபோய்க் காட்டப் பார்த்தாள். வேம்புதான் தடுத்தாள். ஏன் தடுத்தோம் என்று அவளுக்கே அப்போது தெரியாது.

முளைத்த பிறகும் பாடுதான். முதல் நாற்பது நாள் செடி தலைமுடி கனம்தான் இருக்கும். கோரையும் அருகும் ஏறி அமுக்கிவிடும். கலியம்மாள் பகலெல்லாம் குழந்தைவேல் வெங்காயத்தில் களை எடுத்துவிட்டு, பொழுது சாயச் சாய வந்து மகளோடு கல்லாங்காட்டில் குந்துவாள். மூன்று களை எடுத்தார்கள். இரண்டாம் வருஷம் காடு இடுப்பளவு நின்றது. நாலு ஆடு பத்தொன்பது ஆனது. சித்திரையில் ஊரே வைக்கோலுக்கு அலைந்தபோது அந்த இரண்டு ஏக்கர் மட்டும் பச்சையாக இருந்தது.

இன்னொன்றையும் வேம்பு கவனித்து வைத்திருந்தாள். முதல் தடவை வெந்நீர் காட்டாமல் போட்ட விதை போய்விடவில்லை. மண்ணுக்குள்ளேயே கிடந்தது. கோடை மழைக்குக் கொஞ்சம் முளைத்தது, ஆடி மழைக்குக் கொஞ்சம், அடுத்த வருஷமும் கொஞ்சம். ஆடு காயைத் தின்றால் விதை செரிக்காமல் புழுக்கையோடு வந்து, கொட்டகைக்குப் பின்னால் முளைத்தது. பக்கத்துக் கடலைக்காட்டில் முளைத்தது. சின்னதாக இருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. தெரியும்போது ஆணிவேர் முழங்கை நீளம் இறங்கியிருக்கும். பிடுங்கினால் இடுப்பு விட்டுப்போகும். அறுத்துவிட்டால் முன்னைவிடத் தழைத்துக்கொண்டு வரும். வேண்டும் என்கிறபோது வராத விதை அது. வேண்டாம் என்கிறபோது எத்தனை வருஷமானாலும் வரும்.

குழந்தைவேலின் மகன் தமிழழகன் சிங்கப்பூரிலிருந்து திரும்பிவந்தது இந்த வைகாசியில். வந்த மறுவாரம் கல்லாங்காட்டுக்கு நடுவில் நின்று போனில் வீடியோ எடுத்துப் போட்டான். ‘நம்ம தோட்டத்துல நாம செஞ்ச பசுந்தீவனப் புரட்சி’ என்று கையை விரித்துக் காட்டினான். அவன் தோளுக்குப் பின்னால் வரப்பில் ஒரு தூக்குவாளி இருந்தது. மூடியில் ‘க’ என்று ஆணியால் கீறியது. கலியம்மாளுடைய தூக்கு. அவள் தண்ணீர் எடுக்கப் போயிருந்த நேரத்தில் வீடியோ எடுத்திருக்கிறான். வேம்பு அந்த வீடியோவை எத்தனை தரம் பார்த்தாள் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு தரமும் தூக்குவாளியை மட்டும் பார்த்தாள்.

போன மாசம் தகவல் வந்தது, அம்மா வழியாகத்தான். பொங்கலோடு கல்லாங்காட்டை விட்டுவிட வேண்டுமாம். தமிழழகன் பெரிதாக ஆட்டுப்பண்ணை வைக்கிறானாம். அது போதாமல், கிணத்தடி வயல் ஐந்து ஏக்கரிலும் இந்தப் பருவத்திலேயே வேலிமசால் போடப் போகிறானாம். வேம்பு எடுத்து வைத்திருக்கிற விதை மொத்தத்தையும் களத்துக்குக் கொண்டுவந்து போட வேண்டுமாம். நிலம் அவர்களுடையது, ஆகவே விதையும் அவர்களுடையதுதானாம்.

அதைத்தான் இன்றைக்குக் கொண்டுவந்திருந்தாள். ஒரு மூட்டை, நாற்பது கிலோ, அவளுடைய டிவிஎஸ் எக்ஸெல்லின் பின்னால் கட்டியிருந்தது. நேற்றுச் சாயங்காலம் மூட்டை கட்டுவதற்கு முன்னாலேயே பன்னிரண்டு கிலோவைத் தனியாக எடுத்து, வெந்நீர் காட்டி, ஊறப்போட்டு, காலையில் வடித்து ஈரச்சாக்கில் சுற்றி வண்டியின் முன்னால் கால் வைக்கிற இடத்தில் வைத்திருந்தாள். அது அவளுக்கு. மூட்டை அவர்களுக்கு.

களத்துக்குள் வரும்போது, நெல் அவிக்கிற பெரிய அண்டா பம்புசெட்டுப் பக்கம் கவிழ்ந்து கிடந்ததைப் பார்த்தாள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அதை நிமிர்த்தி அடுப்பில் ஏற்றி, தானே நின்று முந்நூறு எண்ணி, நாற்பது கிலோவையும் பக்குவமாக்கிக் கொடுத்துவிட்டுப் போவது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டுதான் வந்தாள். அவ்வளவு கோபத்திலும் அதை நினைத்தாள். நல்ல விதை வீணாகப் போவதை அவளால் பொறுக்க முடியாது.

தமிழழகன் வீட்டுக்குள்ளிருந்து டீ டம்ளரோடு வந்தான். “என்ன, கோர்ட்டு கேஸெல்லாம் நடக்குது போல?”

“புள்ள எழுத்து கேக்குது,” என்றார் குழந்தைவேல். குரலில் வருத்தம்கூட இருந்தது. “பொம்பளப் புள்ள. நாளைக்கி ஒருத்தன் கையில புடிச்சுக் குடுத்தா போயிடப் போவுது. அஞ்சு வருஷத்துக்கு எழுத்து எதுக்குங்கறேன்.”

“நான் போனாலும் பயிரு போகாது சார். நிக்கும்.”

“நிக்கட்டுமே. எங்க நெலத்துலதான நிக்குது,” என்றான் தமிழழகன். அப்புறம் கொஞ்சம் இறங்கி வந்த மாதிரி, “வேம்பு, நீ ஒன்னும் கவலப்படாத. பண்ணைக்கி ஆள் வேணும். நீயே வந்து பாத்துக்க, சூப்பர்வைசர் மாதிரி. படிச்ச புள்ள. ஒங்கம்மாவையும் கூட்டிக்க.”

அவள் குழந்தைவேலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். “அஞ்சு வருஷம் வேணாம் சார். மூணு வருஷம்னு எழுதுங்க. போட்ட செடிக்காவது ஆயுசு இருக்கற வரைக்கும்.”

“வாய் வார்த்தைக்கி மரியாத இல்லாம போச்சுன்னா அப்புறம் எழுதி என்னா, எழுதாம என்னா,” என்றார் அவர். டம்ளரை எடுத்து மிச்ச மோரைக் குடித்தார். பேச்சு முடிந்துவிட்டது என்பதற்கு அது அடையாளம். அப்பாவையும் இப்படித்தான் முடித்திருப்பார்.

தமிழழகன் வண்டியில் இருந்த மூட்டையின் வாயை அவிழ்த்தான். ஒரு கை அள்ளினான். பொன் நிறத்தில், எள்ளைவிடக் கொஞ்சம் பெரிதாக, பளபளவென்று. ஒன்றை வாயில் போட்டுக் கடித்தான். பல்லுக்கு அசையவில்லை. முகம் மலர்ந்துபோனது. “பாருங்கப்பா, கல்லு மாதிரி. நல்ல முத்தல். ஒன்னு தப்பாம மொளைக்கும்.”

வெந்நீர் காட்டாத விதைதான் அப்படிக் கல்லாக இருக்கும் என்பது அவனுக்குத் தெரியவில்லை என்று வேம்புவுக்குப் புரிந்தது.

“எப்புடி வெதைக்கப் போறீங்க?” என்று கேட்டாள். அதைக் கேட்காமல் போனால் அது திருட்டு மாதிரி ஆகிவிடும் என்று அவளுக்கு இருந்தது. கேட்டாள். ஒரு வார்த்தை அவன் திருப்பிக் கேட்டிருந்தால் போதும், எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள்.

“நாளைக்கி மழைன்னு போட்டிருக்கான். டிராக்டர வுட்டுத் தூவி, மண்ணு மூட மேல முள்ளு இழுத்தா முடிஞ்சுது.” அவன் கையிலிருந்த விதையை மூட்டையில் கொட்டினான். “ஏன், அதுக்கு ஒங்க காலேஜுல வந்து படிச்சுட்டு வரணுமா? ஆடு திங்கற புல்லு வெதைக்கறதுக்கு டிகிரி கேட்ட ஊரு இதுதான்.”

சிரித்தான். குழந்தைவேலும் சிரித்தார். வேலைக்கு வந்தவர்களில் இரண்டு பேர், சிரிக்க வேண்டிய இடம் என்று நினைத்துச் சிரித்தார்கள். மேகலா சிரிக்கவில்லை.

வேம்பு வாயை மூடிக்கொண்டாள். மூடின வாய்க்குள் எல்லாம் வரிசையாக வந்து நின்றது. முதல் மழைக்குப் பின்னால் ஐந்து ஏக்கரில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கப் போகிற செடி. ஆள் விட்டு அவளைக் கூப்பிடப் போவது, அவள் இருக்கப் போவதில்லை. தீவனம் இல்லாமல் பண்ணை கத்தப் போவது. போகட்டும் என்று அவர்கள் மறுபடி வெங்காயம் போடப் போவது. அப்போது ஆரம்பிக்கும். ஒவ்வொரு மழைக்கும், ஒவ்வொரு பாத்தியிலும், வெங்காயத்தோடு வெங்காயமாக. அவள் கல் பொறுக்கிய மண்ணில், கல்லைப் போலவே, பொறுக்கப் பொறுக்க. ஒன்பது வருஷம் வரட்டும் என்று நினைத்தாள். குறையாமல் ஒன்பது வருஷம்.

அப்புறம் அவள் பார்வை தாள் அறுக்கிறவர்கள் பக்கம் போனது. பொறுக்கப் போவது யார்? குழந்தைவேலா குனிவார்? இந்த ஒன்பது பேர்தான். இவர்கள் இடுப்புதான் விட்டுப்போகும். அதில் ஒன்று அம்மாவின் இடுப்பு. அந்த எண்ணம் வந்து குறுக்கே படுத்துக்கொண்டது. இவ்வளவு நேரம் கொதித்தது சட்டென்று இறங்கி ஆறத் தொடங்கியது. சொல்லிவிடலாமா? அண்டா அங்கேதான் கிடக்கிறது. ஒரே ஒரு வாக்கியம்.

என்னவோ சந்தேகம் தட்டியிருக்க வேண்டும், தமிழழகன் கலியம்மாள் பக்கம் திரும்பினான். “ஏ கலியம்மா. நீயும்தான அந்தக் காட்டுலயே கெடந்த. இந்த வெதைக்கி வேற ஏதாச்சும் செய்யணுமா?”

எல்லாரும் திரும்பினார்கள். வேம்புவும் திரும்பினாள். அம்மாவுக்கு இவர்கள் வீட்டில் பொய் சொல்லத் தெரியாது. இருபத்தைந்து வருஷமாக ‘ஆமாங்க’வும் ‘சரிங்க’வும் தவிர இந்தக் களத்தில் அவள் பேசி யாரும் கேட்டதில்லை. முந்நூறு எண்ணினவளே அவள்தான். எத்தனை இரவு அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நூற்றி எழுபதுக்கு மேல் விட்டுப்போய், திட்டு வாங்கிக்கொண்டு மறுபடி ஒன்றிலிருந்து எண்ணியிருக்கிறாள்.

கலியம்மாள் ஒரு வெங்காயத்தை எடுத்தாள். தாளை அறுத்தாள். கூடையில் போட்டாள்.

“எனக்கு என்னாங்க தெரியும்,” என்றாள். “நான் களை எடுக்கறவ.”

குரலில் ஒரு மாற்றமும் இல்லை. அதே பணிவு, அதே கீழ்ப்பார்வை. தமிழழகன் அதற்கு மேல் கேட்கவில்லை. களை எடுக்கிறவளிடம் அதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது என்று அப்பாவும் மகனும் நினைத்திருப்பார்கள். அடுத்த வெங்காயத்தை எடுக்கும்போது கலியம்மாள் ஒரு கணம் தலையைத் தூக்கி மகளைப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை வேம்பு அந்த முகத்தில் பார்த்ததே இல்லை. அப்பா சாப்பிடாமல் படுத்த அந்த ராத்திரி அம்மாவும் சாப்பிடவில்லை என்பதே அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

“மூட்டைய எறக்கி வெச்சுட்டுக் கெளம்பு வேம்பு,” என்றாள் கலியம்மாள். “வெயிலு ஏறுதுல்ல. ஒனக்கு ரொம்பத் தூரம் போவணும்.”

வேம்பு கயிற்றை அவிழ்த்தாள். தூக்கிவிட யாரையும் கூப்பிடவில்லை. மூட்டையை முதுகில் சாய்த்து நடந்து போய், வெங்காயக் குவியலுக்குப் பக்கத்தில், நனையாத இடமாகப் பார்த்து வைத்தாள். வாயைச் சணலால் இறுக்கிக் கட்டினாள். ஒரு விதை வெளியே சிந்தியிருந்தது. அதையும் பொறுக்கி உள்ளே போட்டாள்.

“அது என்ன, முன்னாடி சாக்குல?” என்றான் தமிழழகன்.

“எங்க வூட்டுது.”

அவள் தோள்பையில் ஒரு தாள் இருந்தது. கூடப் படித்த ஜெயசுதாவின் அப்பா இராமலிங்கம், ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஒன்றரை ஏக்கரை ஆறு வருஷத்துக்கு என்று முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். சுண்ணாம்புப் பாறை, நாய்கூடப் படுக்காத இடம். அவள் கையெழுத்துக்கு மட்டும் கீழே இடம் காலியாக இருந்தது. பதினைந்து நாளாக அந்த இடத்தை அப்படியே வைத்திருந்தாள், கல்லாங்காட்டை விட்டுப் போக மனசு வராமல். இப்போது களத்திலேயே, வண்டி சீட்டின் மேல் தாளை வைத்து, பேனாவை எடுத்து, இனிஷியலோடு முழுப்பேரும் எழுதினாள். அ. வேம்பு. குழந்தைவேல் நாற்காலியிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேகலா கத்தியைத் தரையில் தட்டினாள். “போயிட்டு வாடி. போயிச் சேந்ததும் லெட்டர் போடு.”

வண்டி முதல் உதையிலேயே பிடித்துக்கொண்டது. வேம்பு திரும்பிப் பார்க்கவில்லை. முதுகுக்குப் பின்னால் ஒரு கத்தி மட்டும் தனியாக அறுக்கிற சத்தம் கேட்டது, அவசரமில்லாமல், எண்ணி எண்ணி அறுக்கிற மாதிரி. கல் வரப்பை ஒட்டி வண்டி திரும்பியது. காலடியில் இருந்த ஈரச்சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே வந்தது. களத்து வாசலிலிருந்து தார் ரோடு வரைக்கும் புழுதியில் கறுப்பாக ஒரு கோடு விழுந்தது. வெயில் அதைப் பின்னாலிருந்தே காயவைத்துக்கொண்டு வர, அது முன்னால் நீண்டுகொண்டே போனது.